ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவு

ஜூன் 3, செவ்வாய்

சர்க்கரை 168, வெறும் வயிற்றில். தினமும் எழுதிவைக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. ஒரு எண்ணுக்காக ஒரு முழுப் பக்கத்தைச் செலவழிக்க, அரசாங்கக் காகிதத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்திப் பழகிய எனக்கு மனசு வரவில்லை. ஆகவே மீதி இடத்தில் வீட்டு விஷயங்களை எழுதிவருகிறேன்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் நாளை வருவானாம்.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் மேபல் மறுபடி தங்கம் வாங்கினாள். மூத்தோர் தடகளம், ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவு, நானூறு மீட்டர். மூன்றாவது வருஷமாக அவள்தான் முதல். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர்கள் மறுநாள் காலையில் தூங்குவார்கள். என் மனைவி பாளையங்கோட்டை ஸ்டேடியத்துக்கு ஓடப் போனாள். அன்றிலிருந்து என் வேலை பையைத் தூக்குவதும் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றுவதும்.

மூத்தோர் தடகளம் ஒரு தனி உலகம். மைதானம் முழுக்கத் தைல வாடை. முழங்கால் பட்டை கட்டாத ஆளைப் பார்ப்பது அரிது. பெண்கள் தங்கள் வயதைக் கூட்டிச் சொல்லும் ஒரே இடமும் எனக்குத் தெரிந்து அதுதான். ஐம்பதுக்காரர்களோடு ஓடினால் நாலாவது இடம்தான், ஐம்பத்தைந்துக்காரர்களோடு ஓடினால் கழுத்தில் ஏதாவது தொங்கும். துணை வட்டாட்சியராக இருந்து வருமானம், சாதி, இருப்பிடம் என்று ஊரிலுள்ள எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தவன் நான். எனக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது. பட்டதைச் சொல்வதில்லை.

இரண்டாவதாக வந்தது மதுரை சண்முகவடிவு. அவளும் மூன்று வருஷமாக இரண்டாவதுதான்.

ஜூன் 11, புதன்

பிளம்பர் வரவில்லை.

மூத்தோர் தடகளச் சங்கச் செயலாளர் மாசிலாமணி மதுரையிலிருந்து போன் செய்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கடன் தர முடியாது என்பதைக்கூடப் புண்படாமல் சொல்லக்கூடிய குரல். மேடத்தின் பால் குறித்து ஒரு புகார் வந்திருப்பதாகச் சொன்னார். போட்டியன்று வீரர்களுக்குக் கொடுத்த பால் கெட்டிருந்தது எனக்கும் தெரியும். அதைப் பற்றி மேபல் யாரிடமும் குறை சொல்லவில்லை, தாராளமாக விசாரியுங்கள் என்றேன். அவர், அந்தப் பால் இல்லை சார் என்றார்.

சண்முகவடிவும் இன்னும் நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். மேபல் பெண்தானா என்பதில் அவர்களுக்குச் சந்தேகமாம்.

மேபல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். யார் கொடுத்தது என்று மட்டும் கேட்டாள். சொன்னதும், "அவ செய்வா" என்றாள். மறுபடி கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தண்டுகூட இன்று பொடிப்பொடியாக நறுக்கியிருந்தது.

ஜூன் 14, சனி

புகாரின் நகல் தபாலில் வந்தது. காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. குரல் கனமாக இருக்கிறதாம். சாக்பீஸ் தூசிக்கும் வெயிலுக்கும் நடுவே எட்டாம் வகுப்பு பி பிரிவை மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அதட்டி வேலை பார்த்தவளுக்கு வேறு எப்படி இருக்கும். கெண்டைக்கால் தசை பெண்களுக்குரியது அல்லவாம். உயரம் அதிகமாம். உயரத்தைப் பற்றி எங்கள் கல்யாணத்தின்போதே பேசி முடித்துவிட்டார்கள். என்னைவிட இரண்டு விரல்கடை கூடுதல், போட்டோவில் என்னைப் பலகைமேல் நிறுத்தினார்கள்.

கடைசிக் காரணம், குழந்தை இல்லை என்பது. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

சர்க்கரை 194.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ரோஸ்லின் அக்கா என்னைப் பந்தல் ஓரமாக இழுத்துக்கொண்டு போய் விசாரித்தாள். அவளுக்கு எழுபது வயது. எனக்கு இருக்கும் ஒரே உடன்பிறப்பு. கோயிலில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பாதிரியார் இன்று எங்கள் குடும்பத்துக்காகப் பெயர் சொல்லாமல் ஜெபித்தார். பெயர் சொல்லியிருந்தால்கூட இத்தனை பேர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

விசாரணைக்குத் தானும் வரப்போவதாக அக்கா சொன்னாள். வேண்டாம் என்றேன். அக்கா கேட்டு நான் பார்த்ததில்லை.

ஜூலை 5, சனி

மதுரையில் விசாரணை. சங்க அலுவலகம் என்பது ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் மாடி. கீழே கேரம் பலகை வாங்க வந்தவர்கள் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

குழுவில் மூன்று பேர். மாசிலாமணி, ஒரு வக்கீல், ஒரு டாக்டர். டாக்டர் காது மூக்கு தொண்டை நிபுணர். பழக்க தோஷத்தில் மேபலை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, பிறகு எதற்குச் சொன்னோம் என்று தெரியாமல் மூடச் சொன்னார். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, தனக்கு இது தர்மசங்கடம்தான், ஆனாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று முன்னுரை சொல்லி, எங்களுக்கு ஏன் குழந்தை இல்லை என்று கேட்டார்.

மேபல் என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

"குறை என் தம்பிக்குங்க. அவனே எங்கிட்ட வந்து சொன்னான், தொண்ணூத்தி நாலுல. டாக்டரு சொல்லிட்டாரு, எனக்குத்தான் பிள்ள பெறக்காது, மேபல யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாதுன்னான். எங்க அம்மா கண்ண மூடுற வரைக்கும் அதச் சொல்லித்தான் அழுதாங்க. இதுக்கு மேல இந்தப் பிள்ளைய ஏதாச்சும் கேட்டீங்கன்னா நல்லா இருக்காது."

காலண்டரில் ஜூன் மாதத் தாளை இன்னும் கிழிக்காமல் வைத்திருந்தார்கள்.

குழு தனியாகப் போய் ஆலோசித்துவிட்டு வந்தது. கணவரின் குறைபாடு அவருடைய சகோதரி மூலம் உறுதியானதால், குழந்தையின்மையை மனைவிக்கு எதிரான ஆதாரமாகக் கொள்ள இயலாது என்று முடிவு. மற்ற காரணங்கள் பிறகு பரிசீலிக்கப்படும். மாசிலாமணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். துக்க வீட்டில் குலுக்குவதைப்போல இருந்தது. கீழே இறங்கும்போது கடைக்காரர்கூட என்னை இரக்கமாகப் பார்த்தார்.

பஸ்ஸில் திருநெல்வேலி வரும்வரை மேபல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அக்கா வழி முழுக்கக் கொய்யாப்பழம் தின்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் மேபல் கேட்டது இரண்டே கேள்வி. அது உண்மையா என்பது ஒன்று. தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆமாம் என்றேன். இரண்டாவதற்கு, நீ கேட்கவில்லையே என்றேன்.

மத்தியானம் விளமீன் குழம்பு. தலை எனக்கு வைத்தாள். முப்பத்தைந்து வருஷமாக அது அவளுடைய பங்கு.

ஜூலை 21, திங்கள்

கருவூலத்தில் நேர்காணல். பென்ஷன் வாங்குபவர்கள் வருஷத்துக்கொரு முறை நேரில் போய் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் கைரேகை பதியவில்லை. இயந்திரம் அவரை ஏற்க மறுத்தது. உயிரோடுதான் இருக்கேன் தம்பி என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கு ஆதாரம் வேண்டும் என்றான் இயந்திரத்தை வைத்திருந்த பையன். அவன் சொன்னது விதிப்படி சரிதான். நானும் அதைப்போன்ற நாற்காலியில் இருந்து அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மாசிலாமணியின் போன். நவம்பரில் கொழும்பில் நடக்கும் போட்டிக்குப் போகும் பெண்கள் எல்லாருக்கும் சோதனை என்று சங்கம் தீர்மானித்துவிட்டதாம். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் ஒரு தேய்ப்பு. அதில் ஆணுக்குரிய மரபணு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடுவார்கள். உலக அளவில் பெரிய போட்டிகளுக்கு வந்துவிட்ட முறையாம், நாம் மட்டும் பின்தங்கக்கூடாதாம். மேடத்தை மட்டும் தனியாகச் சோதித்தால் அவமானம், எல்லாரையும் சோதித்தால் அவமானம் இல்லையல்லவா என்று கேட்டார். நல்லெண்ணத்தில்தான் கேட்டார்.

சோதனை ஆகஸ்ட் 24 அன்று, மதுரையில்.

பிளம்பர் வந்தான். நான் கருவூலத்தில் இருந்த நேரத்தில் வந்து, ஆள் இல்லை என்று போய்விட்டானாம்.

ஜூலை 24, வியாழன்

இதை எழுதாமல் இருக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எழுதாமல் மற்றவற்றை எழுதுவது, முன்பக்கம் இல்லாத கோப்பைச் சுற்றுக்கு விடுவதுபோல இருக்கிறது.

மேபலுக்கு இருபது வயதில் டெல்லி முகாமுக்கு அழைப்பு வந்தது. வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் முகாம். எண்பத்தெட்டாம் வருஷம். அங்கே ஒரு டாக்டர் எல்லாப் பெண்களையும் நிறுத்திக் கன்னத்தில் சுரண்டி எடுத்தார். நாலாம் நாள் இவளை மட்டும் தனியாக அழைத்து, நீ ஊருக்குப் போ, முழங்காலில் அடி என்று சொல்லிவிடு என்றார்கள். ஏன் என்று இவளுக்குப் புரிகிற மாதிரி யாரும் சொல்லவில்லை. மூன்று பகல் ரயிலில் உட்கார்ந்து வந்தாள். முழங்காலில் அடி என்று சொன்னபிறகு நொண்டத்தானே வேண்டும். தெருவில், கோயிலில், கல்லூரியில், இரண்டு வருஷம் நொண்டினாள்.

எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரத்தில் நான் தாலுகா ஆபீஸில் வருமானச் சான்றிதழ் ஜன்னலில் இருந்தேன். வரிசை நகர்ந்து நகர்ந்து ஒரு உயரமான பெண் லேசாக நொண்டியபடி வந்து நின்றாள். போட்டோவில் பார்த்த முகம். மனு எங்கே என்று கேட்டுவிட்டேன், வாய் பழகிவிட்டது. மனு இல்லை, ஒரு விஷயம் சொல்ல வந்தேன் என்றாள். தனக்கு மாதவிலக்கு வந்ததே இல்லை, பிள்ளை பிறக்காது, டெல்லியில் ஒரு சோதனையில் தேறவில்லை, உங்கள் வீட்டில் நீங்களே ஏதாவது காரணம் சொல்லி நிறுத்திவிடுங்கள் என்று பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொல்லி முடித்தாள்.

அவளுக்குப் பின்னால் வரிசை வாசல்வரைக்கும் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில், பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது என்றேன். அவள் விழித்தாள். நிறுத்தச் சொன்ன கோரிக்கைதான் நிராகரிக்கப்பட்டது, கல்யாணம் நடக்கும், அடுத்த ஆளுக்கு வழிவிடுங்கள் என்றேன்.

சிரித்துக்கொண்டே போனாள். போகும்போது நொண்டவில்லை. அதை நான் கவனித்தேன்.

கல்யாணமாகி ரொம்ப காலம் கழித்துச் சென்னையில் ஒரு பெண் டாக்டர் படம் போட்டு விளக்கினார். மேபலின் மரபணுவில் ஆணுக்குரியது இருக்கிறது, ஆனால் உடம்புக்கு அந்த ஹார்மோன் சொல்வது காதில் விழாது, ஆகவே பிறந்ததிலிருந்து பெண்ணாகவே வளர்ந்திருக்கிறது, அந்த ஹார்மோனால் அவளுக்கு ஒரு துளி பலமும் கிடைத்திருக்க வழியில்லை என்றார். அதாவது அவளோடு ஓடிய மற்றப் பெண்களுக்கு அதிலிருந்து கிடைத்த சொற்பம்கூட இவளுக்குக் கிடைக்கவில்லை. இதை மாசிலாமணியிடம் சொல்லலாம். சொன்னால், அப்படியென்றால் சோதனையில் என்ன வரும் என்று கேட்பார்.

ஆகஸ்ட் 9, சனி

ஒரு யோசனை. சோதனைக்கூடத்தில் விசாரித்தேன். உடம்பு சரியில்லாதவர்களுக்கு வீட்டுக்கே ஆள் வந்து கன்னத்தில் பஞ்சு வைத்து எடுத்துப்போகும் வசதி இருக்கிறது. வருபவனுக்கு மேபலைத் தெரியாது. கட்டிலில் போர்த்திக்கொண்டு ஒரு பெண் படுத்திருந்தால் போதும்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மேபலுக்கு வாயில் பஞ்சு வைத்தால் குமட்டும், அவளுக்குப் பதில் நீ கொஞ்சம் படுத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

என் சர்வீஸில் ஒரு பொய்ச் சான்றிதழில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு மந்திரியின் உதவியாளர் முன்னால் வந்து உட்கார்ந்தபோதும் போடவில்லை. ஓய்வுபெற்ற பிறகுதான் கை துணிகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அக்கா காரியத்தைக் கெடுத்துவிட்டாள். பஞ்சு வைக்கும்போது பல்செட்டைக் கழற்ற வேண்டுமா என்று மேபலுக்கே போன் செய்து கேட்டிருக்கிறாள்.

நான் மார்க்கெட்டிலிருந்து வந்தபோது மேபல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். காய்கறிப் பையை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, எதிரே உட்காரச் சொன்னாள்.

"ஒரு தடவ அவங்க சொன்ன பொய்யத் தூக்கிக்கிட்டு வந்து ரெண்டு வருஷம் நொண்டுனேன். எங்க அப்பா எண்ணெய் காய்ச்சி முழங்கால்ல தேச்சு விடுவாங்க. நல்லா இருக்குற கால. வலிக்குதாம்மான்னு கேப்பாங்க, வலிக்குதுன்னு சொல்லணும். இன்னொரு தடவ என்னால முடியாதுங்க."

அப்படியானால் போட்டிக்கே போகவேண்டாம், உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொடுத்துவிடலாம் என்றேன்.

"அதுவும் முழங்கால்தான்" என்றாள்.

சர்க்கரை 221. டாக்டர் கேட்டால் மாம்பழம் என்று சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

மதுரையில் ஒரு கல்யாண மண்டபம். கொழும்புக்குத் தேர்வான பெண்கள் எல்லாரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, உதட்டுச் சாயம். மைதானத்தில் டிராயரோடு பார்த்துப் பழகியவர்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெண் என்று நிரூபிக்க வேண்டிய நாள் என்பதால் யாரும் குறை வைக்கவில்லை. மேபல் மட்டும் வழக்கமான பருத்தி வாயில் புடவையில் வந்திருந்தாள்.

சோதனைக்கூடத்திலிருந்து வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மேஜையில் குச்சிகளையும் குழாய்களையும் அடுக்கிவைத்துவிட்டு ஒரு அறிவிப்புச் செய்தாள். ஆள் மாறாட்டம் நடக்காமலிருக்க ஒவ்வொருவரும் ஆதார் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் இரண்டையும் அசலாகக் காட்ட வேண்டும். பிறந்த தேதியைச் சரிபார்த்துப் பெயரோடு பதிந்த பிறகுதான் குச்சி.

கைப்பையைத் திறந்தவர்கள் மூடிக்கொண்டார்கள்.

முதலில் ஒரு அம்மாள் போன் வந்ததாகச் சொல்லி வெளியே போனாள். அடுத்தவளுக்கு வீட்டில் கேஸ் அணைக்காத ஞாபகம் வந்தது. ஒருத்திக்குத் தலைசுற்றல், அவளைப் பிடித்துக்கொள்ள இன்னும் இரண்டு பேர். சண்முகவடிவு கழிப்பறைக்குப் போனாள். அவளுடைய கார் கிளம்புகிற சத்தத்தை நான் கேட்டேன். காபி வருவதற்குள் மண்டபத்தில் மேபலையும் சேர்த்து நாலு பெண்கள் மிச்சம். ஆண் பெண் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வந்த குச்சி, பெட்டியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எல்லாருடைய வயதையும் கண்டுபிடித்துவிட்டது.

மாசிலாமணியின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வக்கீலிடம் காதில் ஏதோ பேசினார். நிர்வாகக் காரணங்களால் சோதனை ஒத்திவைக்கப்படுகிறது என்று சொல்லப்போகிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாக்கியத்தை நானே பல தடவை எழுதியிருக்கிறேன். இரண்டே நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இட்லி சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கலாம்.

மேபல் எழுந்தாள். நான் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"எனக்கு இந்தச் சோதன ஏற்கெனவே எடுத்தாச்சு சார். எண்பத்தெட்டுல, டெல்லியில. தேறல. இப்ப எடுத்தாலும் தேறாது. நான் பொறந்ததுலேருந்து பொம்பளதான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. உங்களுக்கு இருந்தா, இதையும் எழுதிக்கிடுங்க."

மாசிலாமணி பேனாவைத் திறக்கவே இல்லை. மேடம், உட்காருங்கள், தயவுசெய்து உட்காருங்கள் என்று கெஞ்சினார்.

இந்தத் தடவையும் எங்களோடு வந்திருந்த அக்கா என் பக்கம் திரும்பி, அப்படியென்றால் உனக்கு ஒரு குறையும் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் நான் டிக்கெட் விசாரிக்கப் போயிருந்தபோது அவள் மேபலின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கிட்டே வந்ததும் என்னைப் பார்த்து, "மூதி, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்றாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மாசிலாமணி இன்று இரண்டு தடவை பேசினார். சோதனை நடக்கவில்லை, முடிவு இல்லை, முடிவு இல்லாததால் மேடம் மேல் குற்றமும் இல்லை. அன்று சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கிவிட்டால் கொழும்புக்குப் போகலாம். மன உளைச்சலில் சொன்னது என்று ஒரு வரி போதும், நானே எழுதி அனுப்புகிறேன் என்றார்.

மேபல் போனை வாங்கி, உளைச்சல் எதுவும் இல்லை சார், நல்லாத் தூங்கி எழுந்து வந்துதான் சொன்னேன் என்றாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சண்முகவடிவு ஏன் அந்தப் புகாரைக் கொடுத்தாள் என்று இன்று மேபல் சொல்லித்தான் விளங்கியது. மேபலுக்கு ஆரம்பத்திலிருந்தே விளங்கியிருக்கிறது.

தொண்ணூறாம் வருஷம், மேபல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோவில்பட்டியில் பள்ளிகளுக்கிடையிலான போட்டி. முடிவுக் கோட்டில் நாடாவைப் பிடித்து நின்றது மேபல். அதை அறுத்துக்கொண்டு வந்து அவள் மேலேயே விழுந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைதான் சண்முகவடிவு. கணக்குப் போட்டால் இப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. மதுரையில் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓட்டக்கோட்டில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது இருவருக்குமே அடையாளம் தெரிந்துவிட்டது. தன் வயது தெரிந்த ஒரே ஆளை அவள் மைதானத்திலிருந்து வெளியே அனுப்பப் பார்த்திருக்கிறாள்.

உடனே உட்கார்ந்து சங்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். சர்வீஸில்கூட இவ்வளவு நல்ல மனு நான் எழுதியதில்லை. மேபல் வாசித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது, அனுப்பவேண்டாம் என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"என்னவிட எட்டு வயசுச் சின்னவ. அத மறச்சும் மூணு வருஷமா எனக்குப் பின்னாலதான வந்தா. எனக்கு அது போதும்."

இதைப் பெருந்தன்மை என்று எழுதத்தான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

சங்கத்தின் உத்தரவு. வாக்குமூலத்தை வாபஸ் பெற மறுத்துவிட்டதால் திருமதி மேபல் தனசிங் பெண்கள் பிரிவில் ஓடத் தகுதியற்றவர். எனினும் சங்கம் யாருடைய விளையாட்டு ஆர்வத்துக்கும் எதிரானது அல்ல என்பதால், அவர் விரும்பினால் அதே வயது ஆண்கள் பிரிவில் பங்கேற்கலாம்.

நான் வழக்குப் போடலாம் என்றேன். மேபல் அடுத்த போட்டி எப்போது என்று கேட்டாள். அக்டோபர் 4, இங்கேயே, பாளையங்கோட்டையில்.

அப்படியென்றால் பெயரைக் கொடுங்கள் என்றாள்.

அக்டோபர் 4, சனி

ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவு, நானூறு மீட்டர். ஏழு பேர்.

ஸ்டேடியத்தில் கூட்டம். மூத்தோர் தடகளத்துக்கு இதுவரை வீட்டுக்காரர்கள் மட்டும்தான் வருவார்கள். மேபலின் பழைய மாணவிகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அக்கா குடையோடு முதல் வரிசையில். மற்ற ஆறு பேரும் மேபலைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒருவர், நீங்கள் முதலில் போங்கள் மேடம் என்று வழிவிட்டார். கோடு எல்லாருக்கும் தனித்தனி என்று தொடக்கி வைப்பவர் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

துப்பாக்கி வெடித்ததும் மரியாதை முடிந்தது. முதல் வளைவில் மேபல் கடைசி. எதிர்ப்பக்க நேர்கோட்டில் ஒருவரைத் தாண்டினாள். தாண்டப்பட்டவர் பக்கத்தில் பார்த்துவிட்டு உயிரைக் கொடுத்து ஓடினார், அதனாலேயே சீக்கிரம் தளர்ந்தார். கடைசி வளைவில் இன்னொருவர். கடைசி நேர்கோட்டில், முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால், பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைத் தாண்டினாள். நாலாவது. அவளுக்கு முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர்.

புல்லில் மல்லாந்து படுத்திருந்தாள். காபி கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையசைத்தாள். மூச்சு வாங்கி முடிக்க இத்தனை நேரம் ஆகி நான் பார்த்ததில்லை. நெஞ்சுவலியோ என்று பயந்துபோய்க் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் பிரிவில் சண்முகவடிவு முதல். பதக்கத்தை வாங்கிக்கொண்டு நேரே மேபலிடம் வந்து, "எப்படி இருக்கீங்கக்கா" என்று கேட்டாள். கொழும்புக்கு அவள் போகவில்லையாம். பாஸ்போர்ட்டில் உண்மையான வயது இருக்கிறதே. மேபல் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். தொடைப்பிடிப்புக்கு என்ன செய்வது என்று இருவரும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றேன். எனக்கு அவ்வளவு சீக்கிரம் மனசு வராது.

அக்டோபர் 6, திங்கள்

மேபலுக்குப் பின்னால் வந்த மூன்று பேரும் சேர்ந்து சங்கத்தில் ஒரு புகார் கொடுத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. மாசிலாமணி கையெழுத்து, வக்கீல் கையெழுத்து, காது மூக்கு தொண்டை டாக்டர் கையெழுத்து, சங்கத்தின் உருண்டை முத்திரை. அப்படியே எழுதுகிறேன்:

‘புகார்தாரர்கள் மூவரின் மனுவும் ஏற்கப்படுகிறது. திருமதி மேபல் தனசிங் ஒரு பெண் என்பது நேரில் கண்டவர்களாலும் குழு உறுப்பினர்களாலும் ஐயமின்றி உறுதிசெய்யப்பட்டதால், ஆண்கள் பிரிவில் அவர் பெற்ற நான்காம் இடம் ரத்துசெய்யப்படுகிறது.’

மேபலிடம் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். ‘ஐயமின்றி’ வந்ததும் கையை நீட்டி நிறுத்தி, காகிதத்தைத் தானே வாங்கிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். டெல்லியில் இப்படி ஒரு காகிதத்தை யாராவது கொடுத்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். பேசாமல் இருங்கள் என்று தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

பிளம்பர் தொட்டியை ஒட்டிவிட்டுப் போனான்.

அக்டோபர் 15, புதன்

சர்க்கரை 141.

காலையிலேயே மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன். இந்த உத்தரவை வைத்தே பெண்கள் பிரிவில் மறுபடி இடம் கேட்கலாம், சங்கம் தன் கையாலேயே எழுதிக்கொடுத்துவிட்டது, இனி அவர்களால் மறுக்க முடியாது என்று மேபலிடம் சொன்னேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க எனக்கு முன்னால ஓட யார் இருக்கா? இங்க மூணு பேர் இருக்காங்க. முப்பத்தேழு வருஷம் கழிச்சு இப்பதான் எட்டிப் பிடிக்க ஆள் கெடச்சிருக்கு."

அப்படியென்றால் எந்தப் பிரிவு என்று எழுதுவது என்று கேட்டேன். வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டேடியத்துக்குப் போய்விட்டாள்.

அனுப்புநர் எழுதிவிட்டேன். பெறுநர் எழுதிவிட்டேன். பொருள் என்று எழுதிவிட்டு, அவள் வருவதற்காகக் காத்திருக்கிறேன்.